பேட்டரி அண்ணாச்சியின் சட்டைப் பை

வண்டி எதுவானாலும், கோளாறு எதுவானாலும், அவர் முதலில் ஒரு பானைத் தண்ணீரைத் தூக்கிவந்து பக்கத்தில் வைப்பார். பானையின் வாயில் ஒரு சொம்பு கவிழ்ந்திருக்கும். அதற்கு அருகில் ஆப்பச் சோடா போட்ட டப்பா. பிறகு கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டுவார். பிறகு நம் கையைப் பார்ப்பார்.

"வாட்சக் கழட்டிருங்க சார்."

பிறகு நம் சட்டைப் பையைப் பார்ப்பார்.

"தீப்பெட்டிய அந்த டின்னுல போட்டுருங்க. போகும்போது எடுத்துக்கிடலாம்."

இவ்வளவும் ஆன பிறகுதான் பானெட்டைத் திறப்பார்.

கோவில்பட்டியில் அந்த ஆண்டுகளில் குடிதண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருந்தது. ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் விடியலில் வரிசை வைத்து உச்சிவெயிலில் வீடு திரும்புவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நாள் முழுக்க ஒரு பானைத் தண்ணீரைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பது லாரிக்காரர்களுக்குப் பெரிய வேடிக்கை. "குடிக்கத் தண்ணி இல்ல, அண்ணாச்சி பயத்துக்கு ஒரு பானையா?" என்பார்கள். அவருக்குக் கோபம் வராது. "ஆமா, எனக்குப் பயந்தான். ஒங்களுக்கு இல்லேல்லா, அந்தப் பயத்தையும் சேத்து நானே படுதேன்" என்பார்.

ஊர் அவரைப் பேட்டரி அண்ணாச்சி என்றது. எட்டயபுரம் சாலையில் தகரக் கொட்டகை. கார், லாரி, பஸ் ஆகியவற்றின் பேட்டரியும் டைனமோவும் மட்டுமே பார்ப்பார். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருக்குச் செய்ததற்குப் பிறகு அந்தப் பெயரையும் எடுத்துப் புழங்க எனக்கு மனமில்லை.

அவருடைய வலது கண் போனது என்னால். ஊர் அப்படி நினைக்கவில்லை. அவரும் அப்படி நினைக்கவில்லை. தன் கண்ணைத் தானே போக்கிக்கொண்டதாகக் கடைசி வரை நம்பினார். அப்படி நம்ப வைத்தவனும் நான்தான். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இதை எழுதிவைக்காமல் போக முடியாது.

நான் டாக்டர். மருத்துவப் படிப்பு முடித்து, கோவில்பட்டியில் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கியிருந்தேன். மாமனார் ஒரு பழைய இங்கிலீஷ் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் பசுவந்தனை, ஓட்டப்பிடாரம், குளத்தூர் என்று கரிசல்காட்டுக்குள் போய் நோயாளிகளைப் பார்த்து வருவேன். முதன்முதலாக அந்தக் கார் என்னைக் கைவிட்ட காலையில்தான் அவரைப் பார்த்தேன். பசுவந்தனையில் பிரசவ வலியில் ஒரு பெண் காத்திருந்தாள். ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினால் சத்தமே இல்லை. ஆள் அனுப்பினேன். ஒரு கையில் பானையோடும் மறுகையில் பையோடும் வீட்டுக்கு வந்தார்.

"நேத்து நல்லா எடுத்துச்சா?"

"நல்லாத்தான் எடுத்துச்சு."

"இன்னைக்குக் கொஞ்சமாவது உறுமுச்சா?"

"இல்ல. பேட்டரி செத்துப்போச்சுன்னு நெனக்கேன்."

"இருங்க சார், அதுக்குள்ள எழவு சொல்லாதீங்க."

முன்விளக்கைப் போடச் சொன்னார். பளிச்சென்று எரிந்தது. அப்படியே ஸ்டார்ட்டரை அமுக்கச் சொன்னார். விளக்கு ஊதி அணைத்ததுபோல் அணைந்தது. கையை எடுத்ததும் மறுபடி எரிந்தது.

"பேட்டரில தெம்பு இல்லேன்னா வெளக்கு மெள்ள மெள்ள மங்கும், சீக்காளி கண்ண மூடுத மாதிரி. இது பட்டுனு போகுது பாத்தீங்களா? தெம்பு உள்ள இருக்கு. வெளிய வரத்தான் வழியில்ல."

முனையில் உலோகம் பட்டால் பொறி பறக்கும் என்பதால் மோதிரம், வாட்சு, பிறகு தீப்பெட்டி என்று சடங்கெல்லாம் முடிந்தது. பேட்டரி முனையைப் பிடித்திருந்த கவ்வியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. காரின் உடம்போடு சேரும் கம்பியை முதலில் கழற்றினார், பிறகு மற்றதை. சோடாத் தண்ணீரால் கழுவி, சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டினார். உடம்புக் கம்பியைக் கடைசியாக மாட்டும் முன் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கத்தோலிக்கர். எத்தனை ஆயிரம் முறை மாட்டியிருந்தாலும் அந்தச் சிலுவை இல்லாமல் மாட்டமாட்டார். ஒருமுறை ஒரு டிரைவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, பேட்டரிக்கு ஞானஸ்நானம் குடுக்குதீரா?" உடனே பதில் வந்தது: "ஆமா வே, ஒமக்கு எழவுப் பூசை வைக்க வேண்டாமேன்னுதான்."

அன்று கார் ஒரே அமுக்கில் எடுத்தது. பசுவந்தனையில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அவர் கேட்ட கேள்விகள் நான் நோயாளிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளாகவே இருந்ததும், நான் கேட்பதைவிட அவர் பொறுமையாகக் கேட்டதும் எனக்கு உறுத்தியது. அந்த உறுத்தலால்தான் பிற்பாடு அவர் பயத்தைப் பார்த்து லாரிக்காரர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அவர் பயத்துக்குக் காரணம் என்ன என்று ஒருமுறை கேட்டேன். யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் இருந்தவர். "கூட வேல பாத்த பய ஒருத்தன் இப்படித்தான் பேட்டரிக்குள்ள எட்டிப் பாத்தான் சார்" என்றார். சொல்லும்போதே கை தன் முகத்தைத் தடவிக்கொண்டது.

ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டினார்கள். அவர் மனைவியும் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனவர்தான். லேபிள் ஒட்டாத பெட்டிகள் எல்லார் பையிலும் இருக்கும். என் நோயாளிகள் பீஸ் கொடுக்க மறந்தாலும் இரண்டு பெட்டி கொடுக்க மறக்கமாட்டார்கள். அதனால் இருட்டாக எது இருந்தாலும் ஒரு குச்சியைக் கிழித்துப் பார்ப்பது ஊரின் கைப்பழக்கம். குதிருக்குள் தானியம் எவ்வளவு இருக்கிறது, பொந்துக்குள் பாம்பு இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் குச்சிதான். டார்ச்சில் பேட்டரிக் கட்டை தீர்ந்தபோது நானும் ஒரு குழந்தையின் தொண்டையைக் குச்சி வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் கொட்டகை வாசலில் ஒரு லாரிக்காரர் பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் குச்சியைக் கிழித்துவிட்டார். அண்ணாச்சி சத்தம்கூடப் போடவில்லை. வேட்டியை வாரிப் பிடித்துக்கொண்டு ஓடி, சாலைக்கு அந்தப் பக்கம் பருத்திக்காட்டில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. குச்சி அணைந்தது, லாரிக்காரர் மூடியைப் போட்டார். ஊர் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது. கரிசல் மண் அப்பிய முகத்தோடு எழுந்து வந்தவரைப் பார்த்து நானும் சிரித்தேன். பெட்ரோல் ஆவியும், பேட்டரியில் கிளம்பும் ஹைட்ரஜன் வாயுவும் தீப்பட்டால் என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவன் நான்.

அந்த வருஷக் கோடையில் என் காரில் புது மாதிரியான கோளாறு. பேட்டரித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வற்றியது. பல்புகள் அடிக்கடி எரிந்துபோயின. இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் பலகையில் இருக்கும் கரண்ட் முள் நடுவுக்குத் திரும்பாமல் வலது கோடியிலேயே நின்றது. பேட்டரி பழசாகிவிட்டது, புதுசு போடலாம் என்றேன் நான். அவர் முள்ளைப் பார்த்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"பேட்டரி மேல குத்தமில்ல சார். இதுக்குப் பட்டினி இல்ல, தின்னது செமிக்காமக் கெடக்கு. டைனமோ கரண்ட ஊட்டிக்கிட்டே இருக்கு. போதும்னு நிறுத்த வேண்டியது அந்தா இருக்குல்லா, கட்-அவுட்டுப் பெட்டி, அது வேல செய்யல. புதுப் பேட்டரி போட்டாலும் அதையும் கொதிக்க வச்சிரும்."

"சரி, பாத்துருங்க."

"ஒரு நாள் வண்டிய விடணும் சார். அதுவரைக்கும் தூரமா ஓட்டாதீங்க. கொதிக்குத பேட்டரிலேர்ந்து வருத காத்து நல்ல காத்து இல்ல."

நாளை, நாளை மறுநாள் என்று மூன்று வாரம் தள்ளினேன். அப்படித் தள்ளிக்கொண்டே வந்த ஒரு நாளில் குளத்தூர் போய்விட்டு, உச்சிவெயிலில் எங்கும் நிற்காமல் ஓட்டி வந்தேன். வழியெல்லாம் புளித்த நெடி. பயந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே அவர் கொட்டகைக்கு விட்டேன். கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

பானை வந்தது. மோதிரம் ஆணிக்குப் போனது. அவர் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் மூடிகளைத் துணியால் பிடித்து ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். உள்ளே சோறு கொதிப்பதுபோல் சத்தம்.

"இப்பத் தொடப்படாது. ஒரு மணி நேரம் ஆறட்டும். நீங்க அங்கன போய் நெழல்ல இருங்க சார்."

"எனக்கு ஓ.பி. இருக்கு அண்ணாச்சி. தண்ணி இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் ஆறுனப்புறம்."

அவர் வாட்சையும் தீப்பெட்டியையும் கேட்கவில்லை. நெடியில் அவருக்கு அவசரம், மறந்துவிட்டார். அவர் துணியை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் குனிந்து பார்த்தேன். வெளியே கண்ணைக் கூசும் வெயில், பானெட்டுக்குக் கீழே கும்மிருட்டு. ஓட்டைக்குள் ஒன்றும் தெரியவில்லை. என் கை பைக்குள் போனது. குச்சியைக் கிழித்தேன்.

"சார்!"

அவர் கை என் மார்பில் பட்டது. தள்ளினார். நான் குச்சியை ஓட்டைப் பக்கம் நழுவவிட்டு மல்லாக்க விழும்போது என் இடத்தில் அவர் முகம் இருந்தது. அதற்குப் பிறகுதான் வெடித்தது.

நான் எழுந்தபோது அவர் காரின் சக்கரத்தில் சாய்ந்து கிடந்தார். பேட்டரியின் கறுப்பு ஓடு சில்லுச் சில்லாகத் தெறித்திருந்தது. அமிலம் அவர் முகத்தில் வழிந்தது. பின்தலை மட்கார்டில் மோதி ரத்தம். நான் பானையைச் சரித்து, இமைகளைப் பிரித்துப் பிடித்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். முழுப் பானையும் ஊற்றினேன். இடது கண் பிழைத்தது அந்தத் தண்ணீரால்தான். நான் ஊற்றியதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஏனென்றால் கை ஊற்றிக்கொண்டிருந்தபோதே என் கால், கீழே கிடந்த தீப்பெட்டியைக் காருக்கு அடியில் தள்ளிவிட்டது.

எதிர் டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "என்ன சார் ஆச்சு?"

"உள்ள பாக்கக் குச்சியக் கிழிச்சிட்டார்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அதனால் குற்றம் குறையாது. போலீஸ், மாமனார், ஆஸ்பத்திரி என்று மூன்றும் ஒரே நொடியில் கண்முன் வந்தன. பயம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய பயம் எல்லாரையும் காப்பாற்றப் பார்த்தது. என் பயத்துக்கு என்னைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை.

காரை நகர்த்தியபோது தீப்பெட்டி கிடைத்தது. லேபிள் ஒட்டாத பெட்டி. யாருடையதாகவும் இருக்கலாம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவரின் புருஷனுடையது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் மனைவி மட்டும் ஆஸ்பத்திரியில் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அவிய குச்சியத் தொடமாட்டாவளே டாக்டரய்யா. வீட்டுல அடுப்பு பத்தவைக்கக்கூட நாந்தான் வரணும்."

"பதட்டத்துல சில நேரம் கை தானாப் பண்ணிரும்மா" என்றேன், டாக்டர் குரலில்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார்.

மூன்றாம் நாள், என் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தெளிவாகப் பேசினார். இரண்டு கண்களிலும் கட்டு. தலையில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட நேரத்து நினைவு அழிந்துபோவது உண்டு. சிலருக்கு அது துண்டு துண்டாகத் திரும்பியும் வரும். இது எனக்குப் பாடத்தில் தெரியும். அதனால் நாடியைப் பிடித்துக்கொண்டு, பரிசோதிப்பதுபோல் விசாரித்தேன்.

"கடைசியா என்ன ஞாபகம் இருக்கு?"

"மூடியத் தெறந்தேன். துணிய மடிச்சேன்." கண்கட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "அப்புறம் ஒண்ணுமில்ல சார். நீங்க பக்கத்துலதான நின்னீங்க? பாத்தீங்கள்லா? நானா கிழிச்சேன்?"

என் விரல்களுக்குக் கீழே அவருடைய நாடி ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட அவர் கண்களுக்கு என் முகம் தெரியாது. அதில் எனக்கு வந்த நிம்மதியை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஆமா அண்ணாச்சி."

"என்கிட்டப் பெட்டியே கெடையாதே."

"பைக்குள்ள இருந்திருக்கு."

நாடி தடதடவென்று அடித்தது. மெல்ல அடங்கியது. "அப்படியா" என்றார். "அப்ப நான் பயந்ததெல்லாம் என்னத்துக்கு?"

மதுரைக்கு அனுப்பினேன். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். முதலில் என் காரைத்தான் கேட்டார். புதுப் பேட்டரி போட்டு வைத்திருந்தேன், அதுவும் வற்றிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன கட்-அவுட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே முனைகள் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. பிரித்துத் தேய்த்து, இடைவெளி வைத்து மூடினார். வண்டியை எடுத்ததும் முள் வலது பக்கம் போய், கொஞ்ச நேரத்தில் மெதுவாக நடுவுக்கு வந்து நின்றது. ஒற்றைக் கண்ணால் அந்த முள்ளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்ன நோயி சரிதான் சார். அது மட்டும் தப்பல."

கண் போனதால் அவர் தொழில் போகவில்லை. ஒற்றைக் கண்ணே அவருக்குப் போதும். போனது வேறு. கம்பியைக் கழற்றிவிட்டு, கழற்றிவிட்டோமா என்று தொட்டுப் பார்ப்பார். மறுபடி தொடுவார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "நான் கழட்டிட்டேனா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்பார். முதலில் சிரித்தார்கள். "தன் கைய நம்பாத மனுசன் நம்ம வண்டியில எப்படிக் கைவைப்பாரு?" என்று ஒரு பஸ் டிரைவர் கேட்டார். பிறகு ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போனார்கள். தீப்பெட்டி டின்னை நீட்டினால், "நீரே கொளுத்திட்டு எங்ககிட்ட வாங்குதீராக்கும்" என்றார்கள். "ஆமா வே, கை தானாப் பண்ணிரும். டாக்டரய்யாவே சொன்னாவ" என்பார். நான் அங்கே நிற்கும்போதே இதைச் சொல்லியிருக்கிறார். நான் என் பெட்டியை டின்னில் போட்டிருக்கிறேன்.

ஒருநாள் அவர் சட்டையைக் கவனித்தேன். பையின் வாய் நூலால் தைத்து மூடப்பட்டிருந்தது.

"எல்லாச் சட்டையும் அப்படித்தான் சார். வீட்டுக்காரியத் தைக்கச் சொல்லிட்டேன். எனக்குத் தெரியாம உள்ள ஏதும் இருந்துரப்படாதுல்லா. கோயில்ல பாவசங்கீர்த்தனமும் பண்ணியாச்சு. சாமியாரு, விபத்துதான, பாவமில்லேன்னு சொல்லுதாரு. அவருக்கு என்ன தெரியும்?"

நான் செய்ததை அவர் பாதிரியாரிடம் முழங்காலிட்டுச் சொல்லியிருக்கிறார்.

என்றாவது அவருக்கு நினைவு திரும்பிவிடும் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். சாலையில் அவர் என்னைக் கைகாட்டி நிறுத்தினால் இன்றைக்குத்தான் என்று நினைப்பேன். பல்பைப் பற்றி ஏதாவது கேட்பார். அவர் மனைவியைத் தெருவில் கண்டால் நான் பக்கத்துச் சந்தில் திரும்புவேன். ஆறு வருஷம் இப்படி ஓடியது.

ஆஸ்பத்திரியை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போவதென்று முடிவானது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, சொல்லிவிடுவது என்று நிச்சயித்துக்கொண்டு அவர் கொட்டகைக்கு நடந்து போனேன். காரை எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றே வாக்கியம்.

கொட்டகையில் வேலை அதிகமில்லை. இரண்டு ஹாரன்கள், கொஞ்சம் பல்புகள். யாரோ டிராக்டர்காரர் விட்டுப்போன ஒரு பேட்டரி மட்டும் பலகையில் இருந்தது. அதன் பக்கத்தில் பானை.

"வாங்க சார். மெட்ராசுக்குப் போறீங்களாமே? ஒங்க வண்டி முள்ளு நடுவுல நிக்குதா?"

"நிக்குது அண்ணாச்சி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. தீப்பெட்டிய மட்டும் டின்னுல போட்டுருங்க."

"இல்ல அண்ணாச்சி. சிகரெட்ட விட்டு வருசக்கணக்காச்சு."

"இருந்தாலும் பைய ஒருதடவ தொட்டுப் பாத்துருங்க சார்" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. "அன்னைக்கு என்கிட்ட இல்லன்னுதான் நானும் நெனச்சேன்."

நான் என் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். அதற்குள் அவர் எழுந்து, இரண்டு கைகளாலும் பானையைத் தூக்கி, தன் பக்கத்திலிருந்து எடுத்து என் காலடியில் கொண்டுவந்து வைத்தார். சொம்பை எனக்குக் கையெட்டும்படி திருப்பி வைத்தார்.

"என்ன சார், இருக்கா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன்.